ட்ரோன் வாங்கப் போகிறீர்களா? பட்டனை அழுத்தும் முன் விதிகளைப் படியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து என்ன வாங்கலாம் என்று யோசிக்கும்போது, முன்பெல்லாம் பிரிண்டரும் வெப்கேமும்தான் நினைவுக்கு வரும். இப்போது அந்தப் பட்டியலில் ட்ரோனும் சேர்ந்துவிட்டது. மகனுக்குப் பிறந்த நாள் பரிசு, கல்யாண வீடியோ, தோப்பை மேலிருந்து பார்க்கும் ஆசை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வாங்குவது சுலபம். பறக்க விடுவதும் சுலபம். ஆனால் இதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன என்பது பலருக்கும் போலீஸ் வந்து கேட்கும்போதுதான் தெரிய வருகிறது. எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது.

இரவு பத்தரை மணிக்கு வந்த போன்

மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் என் மாமா மகன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று வீடியோ எடுப்பவர். சென்ற வருடம் தெரிந்தவர் ஒருவரிடம் 65,000 ரூபாய் கொடுத்து ஒரு வெளிநாட்டு ட்ரோனை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அக்கா, அதாவது அவர் மனைவி, தன் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. பில் கிடையாது. எடை சுமார் 900 கிராம்.

தேர்த் திருவிழா அன்று இரவு எனக்குப் போன் வந்தது.

"மாப்ளே, ட்ரோனை ஸ்டேஷன்ல புடிச்சு வச்சுட்டாங்க. நம்பர் வாங்கினியான்னு கேக்கிறாங்க. ஆன்லைன்ல ஏதோ ரெஜிஸ்டர் பண்ணணுமாம். நீதான் கம்ப்யூட்டர் படிச்ச ஆளாச்சே, இப்பவே பண்ணிக் குடு."

நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ரயில் டிக்கெட் முதல் ரேஷன் கார்டு வரை எங்கள் வீட்டில் ஆன்லைன் வேலை எல்லாம் என் தலையில்தான் விழும். இதுவும் பத்து நிமிட வேலை என்று நினைத்து, "கவலைப்படாதீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். விடியற்காலை இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. வேலையும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்வதற்கு முன், விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

விதிகள் வந்த கதை

நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு டி.ஜி.சி.ஏ. இந்த அமைப்பு 2014 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விதிகள் வரும் வரை தனியார் யாரும் ட்ரோன் பறக்க விடக் கூடாது என்பதுதான் அந்த அறிவிப்பு. பிறகு 2018 ஆகஸ்டில் விதிகள் வந்தன. டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன. 2021 மார்ச்சில் இன்னொரு தொகுப்பு வந்தது. அதில் படிவங்கள் மட்டும் 25. கட்டண வகைகள் 72! எதிர்ப்பு வரவே, 2021 ஆகஸ்டில் அதைத் தூக்கி வைத்துவிட்டு 'ட்ரோன் விதிகள் 2021' என்ற புதிய தொகுப்பைக் கொண்டு வந்தார்கள். படிவங்கள் 5 ஆகவும் கட்டண வகைகள் 4 ஆகவும் குறைந்தன. இதில் 2022, 2023 ஆண்டுகளில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன.

இத்தனை வருடங்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்டர்நெட்டில் தேடினால் 2018ஆம் வருட விதிகளைச் சொல்லும் பக்கங்களும் வரும், இன்றைய விதிகளைச் சொல்லும் பக்கங்களும் வரும். எந்தப் பக்கத்தைப் படித்தாலும் முதலில் அது எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள்.

எடைதான் முதல் கணக்கு

பேட்டரி, கேமரா எல்லாம் சேர்த்து ட்ரோனின் மொத்த எடையை வைத்து ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள்.

1. நானோ: 250 கிராம் வரை
2. மைக்ரோ: 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை
3. ஸ்மால்: 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை
4. மீடியம்: 25 கிலோவுக்கு மேல் 150 கிலோ வரை
5. லார்ஜ்: 150 கிலோவுக்கு மேல்

வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். வயலில் மருந்து தெளிப்பவை மூன்றாவது வகை.

இந்த எடையோடு, எதற்காகப் பறக்க விடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நானோ ட்ரோன் ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனைப் பொழுதுபோக்குக்காக ஓட்டினாலும் தேவையில்லை. அதே மைக்ரோ ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் சான்றிதழ் கட்டாயம். கல்யாண வீடியோ என்பது தொழில்தான். "சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்தானே" என்று சொன்னாலும், பணம் வாங்கினால் அது தொழில்.

சான்றிதழ் வாங்க 18 வயது முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். சான்றிதழ் பத்து வருடங்களுக்குச் செல்லும். முதலில் இதற்குப் பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்து இளைஞர்களிடம் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது? 2023 செப்டம்பரில் அதை மாற்றி, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் போன்றவையே போதும் என்றாக்கினார்கள்.

நம்பர் பிளேட் இல்லாமல் பறக்கலாமா?

பைக்குக்கு நம்பர் பிளேட் இருப்பது போல ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஒரு தனி அடையாள எண் வாங்க வேண்டும். இதைச் சுருக்கமாக யு.ஐ.என். என்கிறார்கள். ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய். 2018 விதிகளில் நானோ ட்ரோனுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு இருந்தது. 2021 விதிகளின்படி நானோவுக்கும் எண் வேண்டும். 'நானோவுக்கு ஒன்றுமே தேவையில்லை' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நூறு ரூபாய் கட்டி எண் வாங்கிவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். படிவத்தில் ஒரு கட்டத்தில் 'டைப் சர்டிபிகேட்' எண் கேட்டது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

டைப் சர்டிபிகேட் என்பது அந்த மாடலுக்கே தரப்படும் சான்று. இந்த மாடலைச் சோதித்துப் பார்த்தோம், இது விதிகளின்படி இருக்கிறது என்று பொருள். இதைத் தயாரிப்பாளர்தான் வாங்க வேண்டும்; நாம் வாங்க முடியாது. மச்சான் வைத்திருந்த மாடலுக்கு அந்தச் சான்று இல்லை. தவிர, 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்திருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. உதிரி பாகங்களைக் கொண்டுவரத் தடையில்லை. பில்லே இல்லாத இந்த ட்ரோன் எப்போது, எப்படி உள்ளே வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

டைப் சர்டிபிகேட் தேவைப்படாதவை இரண்டு உண்டு. ஒன்று நானோ. இன்னொன்று 'மாடல்' வகை: 25 கிலோவுக்கு உட்பட்டு, கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள், படிப்பு, ஆராய்ச்சி, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும் பறக்க விடும் ட்ரோன். வீட்டிலேயே பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்யும் மாணவர்களுக்கு இது நல்ல வசதி.

இதை மச்சானிடம் சொன்னதும் அவர் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பொழுதுபோக்குன்னு போட்டுடு மாப்ளே. யாரு வந்து பாக்கப் போறா?"

எனக்கும் ஒரு நிமிடம் கை கிளிக் செய்யத் துடித்தது. அக்காவின் வளையல்கள் கண் முன்னால் வந்தன. ஆனால் அவருடைய ஸ்டுடியோ போர்டிலேயே 'ட்ரோன் வசதி உண்டு' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பொய்யான தகவலைக் கொடுத்து எண் வாங்கினால், நாளை ஏதாவது ஆகிவிட்டால் அதுவே பெரிய குற்றமாகும். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என் மேல் கோபம்தான். போனை வைத்துவிட்டார்.

மூன்று வண்ணங்கள்

டிராபிக் சிக்னல் போல வானத்தையும் மூன்று வண்ணங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

பச்சை: தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ. முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் 200 அடி, அதாவது 60 மீட்டர் வரைதான் பச்சை.

மஞ்சள்: பச்சைப் பகுதியில் மேலே சொன்ன உயரங்களைத் தாண்டினால் மஞ்சள். விமான நிலையத்துக்கு இன்னும் நெருங்கினால் தாழ்வாகப் பறக்கவும் அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டியது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள்.

சிவப்பு: மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. விமான நிலையங்களை ஒட்டிய பகுதி, ராணுவ நிலையங்கள், முக்கியப் பாதுகாப்பு இடங்கள் எல்லாம் இதில் வரும்.

உங்கள் வீடு எந்த வண்ணத்தில் இருக்கிறது? கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். 2021 செப்டம்பரில் இதற்கான வரைபடத்தை 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வெளியிட்டார்கள். டி.ஜி.சி.ஏ. இணையதளத்தின் முதல் பக்கத்துக்குப் போய், அங்கிருந்தே ட்ரோன் பகுதிக்குச் செல்லுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் லிங்க்கையெல்லாம் கிளிக் செய்யாதீர்கள். நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் பக்கங்கள் அங்கே காத்திருக்கின்றன.

ஒரு முக்கியமான விஷயம்: இந்த வண்ணங்கள் மாறக்கூடியவை. ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க மாநில அரசுக்கும் போலீசுக்கும் அதிகாரம் உண்டு. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அறிவிக்கலாம். ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை. தலைவர்கள் வரும்போது செய்தித்தாளில் 'ட்ரோன் பறக்கத் தடை' என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி. மச்சான் ஊர்த் தேரோட்டத்துக்கும் அப்படி ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அவர் படிக்கவில்லை.

ஸ்டேஷனில் கேட்ட கேள்வி

சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் பேசினார். "தம்பி, அபராதம் எல்லாம் அப்புறம். தேர் இழுக்கிற கூட்டத்துக்கு மேல அது நின்னுச்சு. விழுந்திருந்தா யார் தலையில விழுந்திருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணும் ஆகலையே சார்" என்றார் மச்சான்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும் அவர் செல்போனை வாங்கி என் லேப்டாப்பில் இணைத்தேன். ட்ரோன் ஸ்டேஷனில் இருந்தாலும், அது பறந்த ஒவ்வொரு நொடியின் கணக்கும் செல்போன் ஆப்பில் பதிவாகியிருக்கும். இதை ஃப்ளைட் லாக் என்பார்கள். உயரம் 95 மீட்டர். அது விதிக்குள்தான். ஆனால் தேர் வீதிக்கு மேலே இரண்டு முறை ரிமோட்டுடன் தொடர்பு அறுந்திருந்தது. ஒரு முறை 6 நொடி, ஒரு முறை 11 நொடி. இறங்கும்போது பேட்டரியில் மிச்சம் 13 சதவீதம்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 95 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால், காற்றின் தடையைச் சேர்க்காவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 150 கி.மீ.க்கு மேல். காற்றின் தடையால் இது குறையும். எவ்வளவு குறைந்தாலும், ஒரு கிலோ எடை தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. அன்று அக்காவும் பிள்ளைகளும் அதே வீதியில்தான் தேர் வடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு 'ஒண்ணும் ஆகலையே' என்று அவர் சொல்லவில்லை.

சாஃப்ட்வேர் தடுக்காதா?

"ஆபத்தான இடம் என்றால் ட்ரோனே பறக்காதே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ட்ரோன் என்பது பறக்கும் கம்ப்யூட்டர்தான். தடை செய்யப்பட்ட இடங்களின் பட்டியலை அதன் சாஃப்ட்வேரில் வைத்து, ஜி.பி.எஸ். மூலம் இடத்தைச் சரிபார்த்து, மோட்டாரை இயங்கவிடாமல் செய்ய முடியும். இதற்கு ஜியோ ஃபென்சிங், அதாவது மின்னணு வேலி என்று பெயர். நம் 2018 விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், 'அனுமதி இல்லையேல் பறத்தல் இல்லை' என்ற முறையைக் கொண்டுவந்தன. சர்வரிலிருந்து டிஜிட்டல் அனுமதி வராவிட்டால் ட்ரோன் கிளம்பக் கூடாது. 2021 விதிகள் இதைப் பின்னர் அறிவிக்க வேண்டிய பாதுகாப்பு அம்சங்களில் ஒன்றாக வைத்தன. அறிவித்தால் குறைந்தது ஆறு மாத அவகாசம் தரப்படும்.

உலகின் மிகப் பெரிய ட்ரோன் நிறுவனமான டி.ஜே.ஐ., 2025 ஜனவரியில் அமெரிக்காவில் தன் மின்னணு வேலியைத் தளர்த்தியது. தடுப்பதற்குப் பதிலாக எச்சரிக்கை மட்டும் காட்டும், முடிவு ஓட்டுபவருடையது. ஆகவே, சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

அதே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பெரும் காட்டுத்தீ. ஒருவர் வேடிக்கை பார்க்கத் தன் சிறிய ட்ரோனைக் கிளப்பினார். அது கண்ணுக்கு எட்டாத தூரம் போய், தீயணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் பழுது பார்க்கும் வரை பணிக்குப் போக முடியவில்லை. ட்ரோனை ஓட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆனால் எல்லோரும் பிடிபடுவதில்லை. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதாகத் தகவல் வந்ததால் சுமார் ஆயிரம் விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. யார் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. நம் நாட்டிலும் 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன் மூலம் குண்டு வீசப்பட்டது. எண் இல்லாத ட்ரோனைப் பார்த்தால் போலீஸ் ஏன் பதறுகிறது என்பது இப்போது புரிகிறதா?

மீறினால் என்ன ஆகும்?

ட்ரோன் விதிகளின்படி அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். இதோடு முடிந்துவிடாது. போலீஸ் தடை உத்தரவை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவும், பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 125ஆம் பிரிவும் பாயலாம். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து வீட்டு மாடியைக் கேமரா எட்டிப் பார்ப்பது விளையாட்டல்ல.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. எடையைக் கேளுங்கள். பேட்டரியோடு சேர்த்து எத்தனை கிராம் என்று பாருங்கள்.
2. 250 கிராமுக்கு மேல் என்றால், டைப் சர்டிபிகேட் எண்ணைக் கடையிலேயே எழுதி வாங்குங்கள்.
3. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் 'ஒரு ட்ரோன் வாங்கி வா' என்று சொல்லாதீர்கள். கஸ்டம்ஸில் அவர்தான் மாட்டுவார்.
4. முதலில் யு.ஐ.என். வாங்குங்கள்; பிறகு பறக்க விடுங்கள்.
5. நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம்.
6. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் வரைபடத்தைப் பாருங்கள். ஊரில் விசேஷம் என்றால் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.
7. கூட்டத்துக்கு மேலே வேண்டாம். கண் பார்வையிலிருந்து மறைய விடாதீர்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உடனே இறக்குங்கள்.
8. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டி.ஜி.சி.ஏ.வுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு குறிப்பு: ட்ரோன்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஆகவே வாங்கப் போகும் நாளில் டி.ஜி.சி.ஏ. தளத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மச்சான் என்ன ஆனார்?

இதை எழுதும்போது அந்த ட்ரோன் இன்னும் ஸ்டேஷன் பீரோவில்தான் இருக்கிறது. வழக்கு நடக்கிறது. வளையல்களுக்கு மாதா மாதம் வட்டி போகிறது. ஸ்டுடியோ போர்டில் 'ட்ரோன் வசதி உண்டு' என்ற வரிக்கு மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டார். பெரிய கல்யாணம் வந்தால், சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவரை மதுரையிலிருந்து வரவழைக்கிறார். லாபத்தில் பாதி அவருக்குப் போய்விடுகிறது.

சென்ற வாரம் மீண்டும் போன் செய்தார். என் மேல் இருந்த கோபம் தணிந்திருந்தது.

"மாப்ளே, அந்தப் பைலட் கோர்ஸ் எங்க சொல்லிக் குடுக்கிறாங்கன்னு பாத்துச் சொல்லு. அங்கீகாரம் இருக்கற எடமான்னு நல்லா பாரு."

டி.ஜி.சி.ஏ. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவரோடு பேசினேன். இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.